தையல்காரர் வீட்டு ஆய்வுக்குழி

அந்தத் தெருவில் பதினைந்து வீடுகள் இருந்தன. பதினைந்துக்கும் அஸ்திவாரம் இருந்தது. அறுபது வருஷமாக இந்த விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. முதலில் சந்தேகம் வந்தது அரசாங்கத்துக்குத்தான்.

காரணம் இல்லாமல் வரவில்லை. பூமி அவ்வப்போது முதுகைச் சொறிந்துகொள்ளும் ஊர் அது. வருஷத்தில் எட்டு மாதம் மழை பெய்யும். மீதி நாலு மாதம் மழை வரும்போல இருக்கும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் இப்படி ஊறிக்கொண்டே இருந்தால் ஒருநாள் குலுக்கலில் சுவர் இறங்கிவிடும் என்று யாரோ ஒரு நிபுணர் எழுதிவைத்தார். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சு அரசாங்கத்தின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அஸ்திவார உறுதிநிலை ஆய்வுத் துறை பிறந்தது. பிறந்த கையோடு பதினைந்து வீட்டுக்கும் கடிதம் போட்டது.

தெருவின் நடுவில் இருந்த ஓட்டு வீடு தையல்காரருடையது. முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி. அதற்குப் பின்னால் சமையல்கட்டு. அதற்கும் பின்னால் மாமியாரின் அறை. மாமியார் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இல்லை. மருமகன் தைக்கிற சட்டைகளுக்கெல்லாம் காஜா எடுத்து, பட்டன் ஓட்டைக்கு ஓரம் கட்டிக் கொடுப்பவர் அவர்தான். கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டு, கையால் காஜாவும் வாயால் மருமகனும் என்று இரண்டு வேலையையும் ஒன்றாகவே பார்ப்பார்.

தையல்காரர் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

"தங்கள் இல்லத்தின் அஸ்திவாரமானது, நிலநடுக்கம் நேரிடும் தருணத்தில் தன் கடமையை வழுவாது ஆற்றவல்லதா என்பதை ஆய்வாளர் தம் வெறுங்கண்ணால் கண்டு தெளியும் பொருட்டு, பின்சுவரை ஒட்டி ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் நாலடி ஆழமும் கொண்ட ஆய்வுக்குழி ஒன்றினைத் தாங்களே தோண்டி வைத்திருத்தல் வேண்டும். ஆய்வு முடிவுறும்வரை குழியினை மூடுதலோ, மறைத்தலோ, அதன்மீது கூரை வேய்தலோ தண்டனைக்குரியதாகும்."

"ஆறுக்கு மூணா?" என்றார் மாமியார். "இது அஸ்திவாரத்துக்கா மாப்பிள்ளை, எனக்கா?"

"அத்தை, காலையிலேயே ஆரம்பிக்காதீங்க."

"இல்ல, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவா இருக்கேன்னு கேட்டேன். நீங்க ஒரு ரவிக்கைக்கே ரெண்டு தடவை அளவு எடுப்பீங்க."

அவர் தோண்டினார். தெருவே தோண்டியது. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் பதினைந்து குழியும் தளும்பி நின்றன. துறை கேட்டது குழியைத்தானே, குளத்தை இல்லையே என்று தையல்காரருக்கு ஒரு கவலை வந்தது.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் குடையோடு வந்தார். குடை கையிலிருந்த கோப்புக்கு. அவர் நனைந்துகொண்டு வந்தார். குழியோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"தண்ணிதான் தெரியுது."

"அஸ்திவாரம் தண்ணிக்கு அடியில இருக்கு சார்."

"இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா கண்ணுல படணும்ல?"

"ஒரு நிமிஷம் சார், இறைச்சுடறேன்." தையல்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, வாளி வாளியாக மொண்டு ஊற்றினார். வெளியே ஊற்றியதில் பாதி மண்ணோடு திரும்பி வந்தது. மீதி வானத்திலிருந்து வந்தது. ஐம்பதாவது வாளியில் அவர் கத்தினார்: "சார், அதோ கல்லு! பாருங்க, பாருங்க!"

"பார்த்தேன். ஆனா மூணு நிமிஷம் தொடர்ச்சியா தெரியணும். இப்பப் பாருங்க, மறைஞ்சுடுச்சு."

"மழை விட்டாத்தானே சார் தெரியும்?"

"மழை எங்க துறை இல்ல. அதுக்குத் தனியா இருக்காங்க. அவங்களுக்கு எழுதிப் போடுங்க."

ஆய்வாளர் படிவத்தை எடுத்தார். அதில் 'அஸ்திவாரம்' என்பதற்கு எதிரே இரண்டே கட்டங்கள். ஒன்று 'உள்ளது'. இன்னொன்று 'இல்லை'.

"தெரியலன்னு எழுதிக்கங்களேன் சார்," என்றார் தையல்காரர்.

"தெரியலங்கிறதுக்குக் கட்டம் குடுக்கலையே."

"அப்ப உள்ளதுன்னு போடுங்க."

"பார்க்காம எப்படிங்க போடுறது? நமக்குன்னு ஒரு மனசாட்சி இருக்குல்ல?" என்று சொல்லி, மனசாட்சிப்படி 'இல்லை'யில் டிக் அடித்தார்.

ஆக, அந்த வீடு அறுபது வருஷமாக அந்தரத்தில் நின்றிருக்கிறது என்பது அரசாங்க ரீதியாக முடிவாயிற்று. அடுத்த வாரமே அடுத்த கடிதம் வந்தது. அஸ்திவாரமற்ற கட்டடத்தில் மனிதர் வசிப்பது உயிருக்கு ஆபத்து. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் பூட்டிச் சீல் வைக்கப்படும்.  தையல்காரரின் கடை, வீடு, மாமியார் எல்லாம் அந்த ஓட்டுக்கு அடியில்தானே இருந்தன. வேறு இடம் என்று ஒன்று அவருக்கு எங்கேயும் கிடையாது.

துறை அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே கூரை ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளி வைத்திருந்தார்கள். வாளிகளுக்கு நம்பர் போட்டிருந்தது. கவுண்டரில் இருந்த அம்மா பதறாமல் சொன்னார்.

"மறுஆய்வு மனு குடுங்க. மனு நிலுவையில இருக்கிற வரைக்கும் சீல் வைக்க மாட்டோம். ஆனா குழி குழியாவே இருக்கணும். வாராவாரம் செவ்வாய்க்கிழமை சார் வந்து பார்ப்பாரு. குழி இல்லன்னா மனு இல்ல. மனு இல்லன்னா வீடு இல்ல."

"எத்தனை நாளைக்கும்மா?"

"மழை விடுற வரைக்கும்."

"இந்த ஆபீசுக்குக் குழி தோண்டலையா?"

"இது வாடகைக் கட்டடம்," என்றார் அந்த அம்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

இதற்குள் தெருவில் இன்னொரு கூத்து ஆரம்பித்திருந்தது. தெருக்கோடியில் மூன்று மாடி வைத்த ஒரு வீடு இருந்தது. அந்த மாடிவீட்டுக்காரர் எதையும் சும்மா செய்யமாட்டார். குழியா, தோண்டித்தானே ஆகவேண்டும், அதைக் கொஞ்சம் லட்சணமாகச் செய்வோம் என்று முடிவு பண்ணினார். குழிக்குள் நாலு பக்கமும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். இறங்கிப் போகப் படி, தண்ணீர் தங்காமல் இருக்க ஒரு மோட்டார், சுற்றிலும் நீல விளக்கு. ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். மூன்று நிமிஷம் என்ன, முப்பது நிமிஷம் பார்த்தார். டைல்ஸ் பளபளவென்று தெரிந்தது. டைல்ஸுக்குப் பின்னால் இருந்த அஸ்திவாரம் தெரியவில்லை. ஆனால் இவ்வளவு அழகான குழிக்குள் மோசமான அஸ்திவாரம் எப்படி இருக்கும்? 'உள்ளது' என்று டிக் அடித்து, 'இவ்வீடு அசையாது' என்ற பச்சைப் பலகை ஒன்றையும் வாசலில் அடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளாளுக்கு டைல்ஸ் வாங்கினார்கள். ஒருவர் பச்சை, ஒருவர் ரோஸ், ஒருவர் மீன் படம் போட்டது. விதிப்படி பலகை கிடைத்ததும் குழியை மூடிவிடலாம். ஆனால் யாரும் மூடவில்லை. அவ்வளவு செலவழித்து ஒட்டின டைல்ஸை மண்ணுக்குள் புதைக்க யாருக்கு மனசு வரும்? "சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க, எங்க குழி பார்க்க வாங்களேன்" என்று கூப்பிட்டார்கள். போனவர்கள் படியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "எங்களது ஆறு அங்குலம் கூட ஆழம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். குழித் திறப்புக்கு என்று புதுச்சட்டை தைக்கத் தையல்காரரிடமே வந்தார்கள்.

"மாஸ்டர், எங்க குழி ரோஸ் கலர். அதுக்கு மேட்சா என்ன எடுக்கலாம்?"

"சாம்பல் கலர் எடுங்க. அழுக்குத் தெரியாது," என்பார் தையல்காரர். இருபத்தைந்து வருஷமாக யார் எந்த நிறம் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான்.

சொல்லிவிட்டுப் பின்னறைக்கு ஓடுவார். அங்கேதான் அவருடைய உயிர் போய்க்கொண்டிருந்தது. குழியில் நின்ற தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. மாமியார் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு விரிசல் விட்டது. முதல் வாரம் அதில் ஊசி நுழைந்தது. இரண்டாவது வாரம் சட்டைப் பட்டன். நாலாவது வாரம் கோட்டுப் பட்டன் ஒன்றை மாமியார் நுழைத்தே காட்டினார். முன்னறையில் வெட்டு மேஜைமேல் வைத்த சாக்குக்கட்டி தானாக உருண்டு கீழே விழுந்தது.

"அத்தை, கட்டிலை முன்னறைக்கு மாத்திடலாம்."

"மெஷின் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது."

"சுவர் விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். தானா விழுந்துச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அதுதான் அவருக்கும் உறைத்தது. ஆனால் அது மட்டும் இல்லை. இருபது வருஷமாகத் திட்டித் திட்டி அவரை மனுஷனாக்கிய வாய் அது. அந்த வாய் இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை வெளியே சொன்னால் அதற்கும் திட்டு விழும் என்பதால் சொல்லவில்லை.

அவர் மனைவிதான் போய் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி அதிகம் பேசாத ஆள். குழியைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், ஓட்டிலிருந்து தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் இந்தக் குழியைத் தோண்டச் சொன்னது?"

"துறை."

"சுவருக்குக் கேடு மேல இருந்து வரல மாஸ்டர், இந்தக் குழியில இருந்துதான் வருது. இதை மூடணும். ஓட்டுத் தண்ணியக் குழாய் போட்டுத் தெருச் சாக்கடைக்குத் திருப்பணும். அப்புறம், இந்தச் சுவர் அஸ்திவாரத்து மேல சும்மா உக்காந்திருக்கு. குலுக்கினா நழுவிடும். சுத்தி காங்கிரீட்டுல பட்டை கட்டி, கம்பி விட்டு, சுவரையும் அடிக்கல்லையும் ஒண்ணா பிடிச்சுக் கட்டணும்."

"சட்டைக்குப் பட்டன் இல்லாம சும்மா மேல போட்டிருக்கோம்கிறீங்க."

"அதேதான்."

தையல்காரருக்குப் பளிச்சென்று புரிந்தது. புரிந்த அடுத்த நொடியே முகம் வாடிவிட்டது. "குழியை மூடினா சீல் வச்சுடுவாங்க மேஸ்திரி."

"மூடலன்னா சீல் வைக்க வீடே இருக்காது," என்றார் மேஸ்திரி.

 கட்டிலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "அந்த ஆபீசர் குழியில என்ன பார்க்கிறாரு?"

"தண்ணிய."

"கைய விட்டுப் பார்க்கிறாரா?"

"இல்ல."

"அப்ப அவருக்குத் தண்ணியக் காட்டுங்க. நாலடிக்கு எதுக்கு? நாலு விரக்கடை போதாது? இருபத்தஞ்சு வருஷம் தைச்சுக் கிழிச்சீங்களே, ஒரு குழி தைக்கத் தெரியாதா?"

தையல்காரர் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். கடைக்குப் போய்த் தார்ப்பாய் கேட்டார். என்ன நிறம் என்று கேட்டதற்குச் சாம்பல் என்றார். ஆறுக்கு மூன்று, நாலு மூலையும் மடித்து இரட்டைத் தையல், ஓரத்துக்கு உள்ளே கயிறு. ஒரே ராத்திரியில், தாம்பாளம் மாதிரி நாலு விரல் ஆழத்துக்குக் கச்சிதமாக வந்தது. அந்தச் செவ்வாய்க்கும் அடுத்த செவ்வாய்க்கும் நடுவில் மேஸ்திரி மேலே பந்தல் போட்டுத் தண்ணீரை இறைத்து, பின்சுவருக்குக் கம்பி விட்டுப் பட்டை கட்டி, மண்ணைக் கெட்டித்து மூடிவிட்டார். மேலே தார்ப்பாயைப் பதித்தார்கள். மழை தானாக நிரப்பியது.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். தையல்காரர் தார்ப்பாயின் ஒரு மூலையைக் காலால் மறைத்துக்கொண்டார்.

"இன்னும் வத்தலையா?"

"இல்ல சார்."

"நிலுவை," என்று எழுதிக்கொண்டு போனார்.

"நீங்க தைச்சதுலயே ஒழுங்காப் பொருந்தினது இது ஒண்ணுதான்," என்றார் மாமியார்.

அடுத்த ஆறு வாரத்தில், இரண்டடி இரண்டடியாகத் தோண்டி, மற்ற மூன்று பக்கமும் பட்டை கட்டி முடிந்தது. விரிசலைப் பூசியாயிற்று. ஓட்டுத் தண்ணீர் குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போயிற்று. சாக்குக்கட்டி உருளுவதை நிறுத்தியது. மழை மட்டும் நிற்கவில்லை; அதனால் மனுவும் நல்லபடியாக நிலுவையில் இருந்தது.

ஒரு மத்தியானம் பூமி குலுங்கியது. பெரிய குலுக்கல் ஒன்றும் இல்லை, இருபது விநாடி இருக்கும். தையல்காரர் வீட்டில் ஆணியில் மாட்டியிருந்த கத்தரிக்கோல் ஊஞ்சல் ஆடியது. மாமியார் எடுத்துக்கொண்டிருந்த காஜா ஒரு இழைகூடப் பிசகவில்லை. வெளியே வந்து பார்த்தால், மற்ற பதினாலு வீடும் பின்பக்கமாகத் தத்தம் குழியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. யாருக்கும் அடி இல்லை. மாடிவீடுதான் அதிகம் சாய்ந்திருந்தது. அதன் குழியில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 'இவ்வீடு அசையாது' பலகையும் நேராகவே இருந்தது. அதைத் தனியாகக் கம்பம் நட்டு அடித்திருந்தார்கள்.

மறுநாளே துறை அறிக்கை விட்டது. பாதிக்கப்பட்ட தெருக்களுக்கு 'உரிய நிவாரணம்' வழங்கப்படும். ஆனால் தெரு முழுவதும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் அது தெரு ஆகாது, வெறும் வீடுகளாகவே கருதப்படும்.

சாயங்காலம் பதினாலு வீட்டுக்காரர்களும் குடை பிடித்துக்கொண்டு தையல்காரர் வாசலில் வந்து நின்றார்கள். மாடிவீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீடு மட்டும் நேரா நிக்குது."

"ஆமாங்க."

"அது எல்லாருக்கும் சங்கடமா இருக்கு."

தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. வருவது வரட்டும் என்று தார்ப்பாயை முனையில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இங்க பாருங்க, குழியே கிடையாது. மூடிட்டேன். தண்ணியத் திருப்பினேன். சுத்தி பட்டை கட்டினேன், அவ்வளவுதான். உங்க வீடுங்களையும் நிமிர்த்தி இப்படிக் கட்டிடலாம். நானும் வர்றேன், மேஸ்திரியும் வருவாரு."

கூட்டம் தார்ப்பாயைப் பார்த்தது. தையலைத் தொட்டுப் பார்த்தது. "அருமையா இருக்கு மாஸ்டர்," என்றார் ஒருவர். "இப்படிக் கட்டினா பச்சைப் பலகை தருவாங்களா?"

"பலகை தரமாட்டாங்க. வீடு நிக்கும்."

"அது சரி, நிவாரணம்?"

"என்ன நிவாரணம்னு யாராவது கேட்டீங்களா?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. "அதென்னமோ, எது குடுத்தாலும் வாங்கிக்கலாம்ல," என்றார் மாடிவீட்டுக்காரர். "உங்க வீட்டை இடிக்கச் சொல்லல மாஸ்டர். ஒரு சின்ன விரிசல் காட்டுங்க போதும். குழந்தைங்க எல்லாம் மழையில நிக்குதுங்க."

குழந்தைகள் என்றதும் தையல்காரர் இளகிவிட்டார். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கறுப்பு நூல்கண்டையும் பசையையும் எடுத்துக்கொண்டு, பின்னறைச் சுவரில் ஒரு விரிசலை ஒட்ட ஆரம்பித்தார். கை பழக்கம் விடுமா? அடிக்கோல் வைத்ததுபோல நேராக வந்தது.

"என்னங்க இது, விரிசல்னா கோணலா இருக்கணும்," என்றாள் மனைவி.

"கோணலா எனக்கு வராதும்மா."

"நல்ல வேளை, ஓரம் அடிக்காம விட்டாரு," என்றார் மாமியார்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். நூலை அளந்தார். ஏழடி. தொட்டுப் பார்க்கவில்லை. "நல்ல விரிசல். இந்தத் தெருவுலயே ஒழுங்கான விரிசல் இதுதான்," என்று சொல்லி, 'பாதிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். தெரு தெருவாயிற்று. பதினாலு வீட்டுக்காரர்களும் கை தட்டினார்கள். தையல்காரருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"சார், நிவாரணம்னு சொன்னாங்களே, அது என்ன சார்?" என்று அப்போதுதான் கேட்டார்.

ஆய்வாளர் கோப்பைப் பிரித்துப் படித்தார். "நிகழ்ந்த சேதத்துக்கு ஆய்வுக்குழிகளின் ஆழம் போதாமையே காரணம் என்று வல்லுநர் குழு கண்டறிந்துள்ளதால், பாதிக்கப்பட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் எட்டடி ஆழமுள்ள புதிய ஆய்வுக்குழிகள், நாலு பக்கமும் நாலு, அரசே முன்வந்து இலவசமாகத் தோண்டித் தரும்."

தெருமுனையில் லாரி வந்து நின்றது. மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் குதித்தார்கள். நேராக நிற்கிற வீட்டில் தோண்டுவது சுலபம் என்பதால் முதலில் தையல்காரர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பின்னறையின் பக்கச்சுவரோரம் கடப்பாரை மேஸ்திரியின் பட்டையில் போய் டங்கென்று மோதியது. "இங்க என்னமோ தடுக்குது சார்!" என்றான் ஒருவன். "உடைச்சிடு," என்றார் ஆய்வாளர்.

தையல்காரர் வாயைத் திறந்தார். விரிசல் நூல் என்று சொன்னால் தெருவுக்குத் துரோகம். பட்டை தன்னுடையது என்று சொன்னால் குழியை மூடின குற்றம். திறந்த வாயை மூடிக்கொண்டார். உள்ளே மாமியார் கட்டிலைத் தானே தரதரவென்று முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கையில் டைல்ஸ் கடையின் புத்தகம். "மாஸ்டர், எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்துல எடுத்தா மொத்தமா வந்துடும். உங்க குழிக்கு என்ன கலர் போடலாம்?"

டங், டங் என்று பட்டை உடைந்துகொண்டிருந்தது. தையல்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார்.

"சாம்பல் கலர் எடுங்க," என்றார். "அழுக்குத் தெரியாது."